தில்லை நகரிலிருந்து வர வேண்டியவர்

1

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. ஷெஃபீல்ட், இங்கிலாந்து.

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். வெளியே இரண்டு டிகிரி. கார் கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. பழைய காகிதமும் அட்டையும் எடுக்கும் நாள் என்பதால் நீலத் தொட்டியை வாசலுக்கு இழுத்து வைத்தேன். டிகாஷன் இறங்கும் நேரத்தில் டைரியில் முந்தைய நாளின் பக்கத்தை எழுதி முடித்தேன். கல்லூரி நாளிலிருந்து வந்த பழக்கம் இது. கணவர் பஸ் டிப்போவுக்குக் கிளம்பிப் போனார். நான் வேலை செய்யும் நூலகத்தில் இன்றைக்கு விடுப்பு சொல்லியிருந்தேன். மகள் மீராவுக்கு அடுத்த மாதம் பிரசவம். அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எட்டரைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மாவின் அழைப்பு வந்தது. காவிரிக் கரையில், அம்மா மண்டபம் படித்துறைக்குப் பக்கத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார். அங்கே மதியம் இரண்டு மணி. சாப்பிட்டுக் கை கழுவியதும் என்னைக் கூப்பிடுவது அவர் வழக்கம். என்ன குழம்பு, லிஃப்ட் வேலை செய்கிறதா, காவிரியில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று வரிசையாகச் சொல்வார். மீரா கர்ப்பமானதிலிருந்து இவற்றுக்குப் பிறகு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது.

“இன்னைக்குத்தானே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறீங்க? முதுகுல ஊசி வேணாம்னு முதல்லயே சொல்லிடு. ஏன்னு கேட்டா செல்வி கதையச் சொல்லு. அவனுவ வயித்தக் கிழிக்கறதுக்குன்னே கத்தியத் தீட்டிக்கிட்டு நிப்பானுவ.”

சரிம்மா என்றேன். அம்மாவிடம் நான் சொல்லும் சரிகளில் பாதி, பேச்சை முடிப்பதற்காகச் சொல்வது.

2

பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரி. வரவேற்பில் இருந்த பெண் வழக்கம்போல என் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். பாஸ்போர்ட் எடுத்தபோது என் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். அன்றிலிருந்து இந்த நாட்டில் யார் “கோவிந்தராஜு” என்று கூப்பிட்டாலும் நான் எழுந்து நிற்கிறேன். அப்பா இறந்த பிறகும் அப்படித்தான். மீராவுக்கு இது சிறு வயதிலிருந்தே வேடிக்கை. இன்றும் சிரித்தாள். அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை.

குழந்தையின் தலை மேலேயும் கால் கீழேயும் இருக்கிறது. வெளியிலிருந்து அழுத்தித் திருப்பிப் பார்த்தார்கள், திரும்பவில்லை. அதனால் ஆபரேஷன் என்று நாள் குறித்திருக்கிறார்கள். இன்றைக்கு நாங்கள் பார்க்கப் போனது பிரசவ டாக்டரை அல்ல, மயக்க மருந்து டாக்டரை. இங்கே ஆபரேஷனுக்கு முன்பே அவர் நம்மைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறார். இன்றைக்கு வந்தவர் என் வயதை ஒத்த ஒரு பெண்மணி. முதுகில் ஊசி எங்கே போடுவோம், எவ்வளவு நேரத்தில் கால் மரத்துப்போகும், நீ விழித்துக்கொண்டே இருப்பாய், குழந்தையின் முதல் அழுகை உனக்குக் கேட்கும் என்று அவர் சொல்லச் சொல்ல மீரா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேள்விகள். பல்லில் ஏதாவது ஆடுகிறதா, ஆஸ்துமா உண்டா, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை ஏற்பட்டிருக்கிறதா.

மீரா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆமாம், என் சித்தி அதனால்தான் இறந்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என்ன மருந்து, முதுகில் போட்டதா முழு மயக்கமா, உடம்பு கொதித்ததா, மூச்சு திரும்பவில்லையா. ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அந்த ஒரு வரிதான் எங்களிடம் இருந்தது. அதை ஆங்கிலத்தில் சொன்னபோது அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாத தன்மை சில குடும்பங்களில் வழிவழியாக வருவதுண்டு. அபூர்வம்தான், ஆனால் முன்பே தெரிந்தால் அந்த மருந்துகளைத் தவிர்த்துவிடலாம். வீட்டில் விசாரித்துச் சொல்லுங்கள், நாளைக்குள் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் பரிசோதனைகளுக்கு அனுப்ப வேண்டும், தேதி தள்ளிப் போகலாம்.

கார் நிறுத்துமிடத்தில் மீரா கதவைத் திறக்காமல் நின்றாள். ஆபரேஷன் வேண்டாம் என்றாள். குழந்தையின் கால் கீழே இருந்தால் இருக்கட்டும், அப்படியே பெற்றுக்கொள்கிறேன், முதுகில் எதையும் போட விடமாட்டேன். ஆங்கிலத்தில் படபடவென்று பேசிக்கொண்டே வந்தவள் கடைசியில் தமிழுக்கு வந்தாள்.

“சித்தி மயக்க ஊசி போட்டு செத்துட்டாங்க.”

என் மகளுக்குத் தெரிந்த தமிழ் வாக்கியங்களில் இதுதான் பெரியது. மற்றவையெல்லாம் இரண்டு சொல், மூன்று சொல். பசிக்குது, தூக்கம் வருது, அம்மாச்சி நல்லா இருக்கீங்களா. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம். பத்து வயதில், கால்பந்து இருக்கிறது என்று நின்றுவிட்டாள். இந்த வாக்கியத்தை அவளுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. போனில் அம்மா சொல்லிச் சொல்லி, பிழையில்லாமல் பதிந்துவிட்டது.

3

செல்வி என் தங்கை. எனக்கு மூன்று வயது இளையவள். லால்குடியில் எங்களுக்கு நெல் வயல் இருந்தது. கதிர் அறுக்கும் நாளில் அவள் வரப்பில் உட்கார்ந்து ரேடியோ கேட்பாள், எழுந்திருக்கச் சொன்னால் கால் வலிக்கிறது என்பாள். நான் கல்யாணமாகி இங்கே வந்த மறு வருடம் அவளுக்குத் திருமணம். மாப்பிள்ளை சேகர் திருச்சி தில்லை நகரில் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் குறுக்குத் தெருவில் வீடு. அந்தத் தெருவில் திரும்பின பக்கமெல்லாம் ஆஸ்பத்திரிதான். மாடியிலிருந்து காய்ந்த துணி பறந்தால் ஏதாவது ஒரு கிளினிக் வாசலில்தான் விழும் என்று செல்வி எனக்கு எழுதியிருந்தாள்.

முதல் பிரசவம் தாய் வீட்டில். எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. வளைகாப்பு முடிந்ததும் அம்மா அவளை லால்குடிக்கு அழைத்துப் போனார். இங்கேயே இருக்கட்டுமே அத்தை, பக்கத்திலேயே எல்லா வசதியும் இருக்கிறது என்று சேகர் சொல்லிப் பார்த்தாராம். நீங்கள் ஆம்பிள்ளை தனியாக என்ன பார்ப்பீர்கள், ஊர் என்ன பேசும் என்று அம்மா மறுத்துவிட்டார். லால்குடியில் இருந்த சிறிய நர்சிங் ஹோமின் லேடி டாக்டர், நானும் செல்வியும் பிறந்தபோது பிரசவம் பார்த்தவர். கைராசிக்காரர். அதைவிட என்ன வேண்டும் என்பது அம்மாவின் கேள்வி.

ஒரு வைகுண்ட ஏகாதசி நாளில் செல்விக்கு வலி எடுத்தது. அன்று மாலைக்குள் அவளும் இல்லை, குழந்தையும் இல்லை. எனக்குத் தெரிந்தது மறுநாள். பக்கத்தில் இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் தம்பி பேசினான். ஆபரேஷன் பண்ண மயக்க ஊசி போட்டாங்களாம், அது ஒத்துக்கலையாம்.

எங்கள் வீட்டுப் பெண்களின் உடம்புக்கு ஊசி ஆகாது என்பது அன்றிலிருந்து சட்டமானது. பெரியப்பா மகள், மாமா மகள், எல்லோரும் வலியைத் தாங்கிப் பெற்றார்கள். ஒருத்தி பித்தப்பைக் கல்லோடு வருடக்கணக்கில் சுருண்டு படுத்தாளே தவிர ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மீரா பிறந்தபோது இந்த ஊர் நர்ஸ் என்னிடம் திரும்பத் திரும்ப வந்து, வலி தெரியாமல் முதுகில் ஊசி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வேண்டாம் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். இந்தியப் பெண்கள் ரொம்பத் தைரியசாலிகள் என்று அவர் பாராட்டினார். அது தைரியம் இல்லை. செல்வி கடைசியாகப் பார்த்தது அந்த ஊசியைத்தான் என்று நினைத்திருந்தேன்.

அம்மா இந்தக் கதையை ஆரம்பிக்கும்போதெல்லாம் அப்பா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். தாங்க முடியாமல் போகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

4

மீராவை அவள் வீட்டில் விட்டுவிட்டு வந்து சேகருக்குப் போன் போட்டேன். இங்கே மதியம் ஒரு மணி, அங்கே மாலை ஆறரை. அவர் இப்போது கே.கே. நகரில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். மறுமணம் செய்து இரண்டு பையன்கள். ஆனாலும் அம்மாவைப் பார்க்க வருவதை நிறுத்தவே இல்லை. கண் ஆபரேஷன் வேண்டாம் என்று அம்மா அடம் பிடித்தபோது, சொட்டு மருந்து மட்டும்தான், ஊசி இல்லை என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான்.

“சொல்லுங்கக்கா. ஒரு நிமிஷம், பல்புக்கு பத்து வருஷம் கேரண்டி கேக்கறாரு ஒருத்தர். அனுப்பிட்டு வரேன்.”

அவர் திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதுகிலா, முழு மயக்கமா, உடம்பு கொதித்ததா. அவர் கடைக்கு வெளியே வந்துவிட்டார் போல, வண்டிச் சத்தம் கேட்டது. மீரா ஆபரேஷனே வேண்டாம் என்கிறாள் என்றேன்.

“ஊசியே போடலக்கா.”

எனக்குப் புரியவில்லை. யாருக்கு என்று கேட்டேன்.

“செல்விக்கு. ஊசி போடறவரு நேரத்துக்கு வந்து சேரல. வந்தப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு.”

அதன் பிறகு அவர் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். காலையில் சாதாரண வலிதான். நேரமாகும் என்று நர்ஸ் சொன்னதால், பழைய பருத்திப் புடவைகளும் ஃபிளாஸ்க்கும் எடுத்து வர அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் போன பிறகு, குழந்தை வெளியே வருவதற்கு முன்பாகவே நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் கொட்டத் தொடங்கியது. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். லேடி டாக்டருக்கு அது தெரிந்த வேலை. கத்தி இருந்தது, விளக்கு இருந்தது, ரத்தம் கொடுக்க அப்பாவும் சேகரும் நின்றார்கள். மயக்க மருந்து கொடுக்க மட்டும் ஆள் இல்லை. அந்த மாதிரி நர்சிங் ஹோம்களில் அவர் இருக்க மாட்டார், தேவைப்படும்போது போன் போட்டு அழைப்பார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல இடங்களுக்கு ஒரே ஆள், ஒரு பையோடு போய் வருவார். அன்றைக்கு அவர் வேறோர் ஆபரேஷனில் இருந்தார். அது முடிந்ததும் காரில் கிளம்பினார். ஸ்ரீரங்கத்துக்குப் போகும் ஏகாதசிக் கூட்டம். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. செல்வியைத் திருச்சிக்குக் கொண்டு போகலாமா என்று சேகர் கேட்டிருக்கிறார். அதே பாலத்தைத்தான் நீங்களும் தாண்ட வேண்டும், வழியிலேயே உயிர் போய்விடும், அவர் கிளம்பிவிட்டார், இருங்கள் என்று லேடி டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா மெயின் ரோட்டில் போய் நின்றார், எந்தக் கார் வந்தாலும் கையைக் காட்டிக்கொண்டு.

“எங்கேர்ந்து வரணும்?” என்று கேட்டேன்.

“தில்லை நகர்லேர்ந்துதான்க்கா. நம்ம தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி அவரு வீடு. தினம் நம்ம கடையத் தாண்டித்தான் போவாரு. அதுவரைக்கும் அவரு யாருன்னே எனக்குத் தெரியாது.”

ஒருவழியாக வந்து சேர்ந்தவர் பையோடு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். அந்த நேரத்தில்தான் அம்மா புடவை மூட்டையோடு வந்து இறங்கியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் வராந்தாவில் உட்கார்ந்து, நான்தானே கூட்டிக்கிட்டு வந்தேன், நான்தானே கூட்டிக்கிட்டு வந்தேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அழவில்லையாம். எழுந்து வாசல் பக்கம் போகப் பார்த்தாராம். எங்கே போறீங்க என்றால் வயலுக்கு என்றாராம். வயலில் கிணறு இருக்கிறது.

“எனக்கு வேற ஒண்ணும் தோணலக்கா. கையப் புடிச்சு உக்கார வச்சு, ‘அத்தை, மயக்க ஊசி போட்டாங்க, அவ உடம்புக்கு ஒத்துக்கல, தில்லை நகர்ல இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்’னு சொன்னேன். அப்பத்தான் அத்தை அழுதாங்க.”

அழுத அம்மா எழுந்து போய், பையோடு நின்ற அந்த டாக்டரின் சட்டையைப் பிடித்திருக்கிறார். நீ போட்ட ஊசிதானேடா என்று கேட்டிருக்கிறார். அவர் மறுக்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு நின்றாராம். பிறகு சேகர் அவருடைய காருக்குப் பின்னாலேயே ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டதற்கு, நான் லேட்டாத்தானே வந்தேன், இருக்கட்டும் விடுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அவர் சேகரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கையை மட்டும் வைத்தாராம்.

இத்தனை பேர் ஊசிக்குப் பயந்து கஷ்டப்பட்டோமே தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவர் அன்றைக்கு மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர். அந்த நிலைமையில் இன்னொரு உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

“மீராவுக்குச் சொல்லிடுங்க. தாராளமா போட்டுக்கச் சொல்லுங்க. அத்தைக்கு மட்டும் வேணாம்க்கா. இந்த வயசுல அவங்களால முடியாது.”

5

டைரியோடு நிறுத்தாமல், ஊரில் இருந்து படிக்கும் உங்களுக்கு இதை எழுதக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் பிரசவத்துக்கு இடம் பார்க்கும்போது நாம் என்னென்னவோ விசாரிக்கிறோம். டாக்டர் கைராசியா, நார்மலுக்குக் காத்திருப்பாரா, அறையில் ஏ.சி. உண்டா, சாப்பாடு கொண்டு போக விடுவார்களா. மயக்க மருந்து டாக்டர் இங்கேயே இருக்கிறாரா, எங்கிருந்து வர வேண்டும் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிரசவம் பார்த்த டாக்டரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்களை எனக்குத் தெரியும். மயக்க மருந்து கொடுத்தவரின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. ஆம்புலன்ஸ், அரசு ஆஸ்பத்திரி என்று இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும் சிறிய ஊர்களில், ஏழை நாடுகளில், கத்தி பிடிக்கத் தெரிந்தவர் கையைக் கழுவிக்கொண்டு, இன்னொருவரின் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்பது இன்னும் நடக்கிறது. அந்த நேரத்தில் இறப்பவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், ரத்தப்போக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் ஊசி என்றோம். எது இல்லாமல் அவள் போனாளோ அதன் மேலேயே பழியைப் போட்டு, அதை மகளுக்கும் கற்றுக்கொடுத்தோம்.

ஊசி போட்டிருந்தால் செல்வி பிழைத்திருப்பாள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஒரு வழி இருந்திருக்கும்.

மாலை நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. மீரா வீட்டுக்குப் போனேன். அவள் சோபாவில் வயிற்றின் மேல் தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். நடுவில் வளைகாப்பு, தாய் வீடு என்றெல்லாம் வந்தபோது எனக்கு ஆங்கிலம் போதவில்லை. அவளுக்குப் புரியவும் இல்லை. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கும்போது ஏன் தூரத்துக்குக் கொண்டு போனார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் மேல் இருந்த ஆசையால் என்றேன். அது மட்டும்தான் அவளுக்குச் சொல்லக்கூடியதாக இருந்தது.

பிறகு, அப்படியென்றால் சித்திக்கு வலி தெரிந்ததா, கடைசி வரைக்கும் என்று கேட்டாள். இத்தனை வருடமாக, செல்வி மயக்கத்திலேயே போய்விட்டாள், ஒன்றும் தெரிந்திருக்காது என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல். இன்று மதியத்தோடு அதுவும் போய்விட்டது. மீரா என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே குழந்தையின் தலை என் உள்ளங்கைக்கு மேல் பக்கமாக இடித்தது. போட்டுக்கொள்கிறேன் அம்மா என்றாள்.

அம்மாச்சியிடம் என்ன சொல்வது என்று அவளே கேட்டாள். போனில் பேச்சு வந்தால் சொல்ல ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். அவள் இரண்டு முறை தப்பாகச் சொன்னாள், மூன்றாவது முறை சரியாக வந்தது.

“ஊசி போடல அம்மாச்சி.”

நன்றாகச் சொல்கிறாய் என்றேன். பாத்திரம் கழுவப் போவதுபோல எழுந்து சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

6

நவம்பர் 19, புதன்கிழமை. டிகாஷன் போடவில்லை. ஆஸ்பத்திரி அலுவலகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். எட்டு அடித்ததும் முதல் வேலையாக அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். மீராவின் பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்டுச் சரிபார்த்த பிறகு, என்ன விஷயம் என்று அந்தப் பெண் கேட்டார். நேற்று ஒரு கேள்விக்குத் தவறான பதில் சொல்லிவிட்டோம், திருத்த வேண்டும் என்றேன். குடும்பத்தில் மயக்க மருந்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை.

உங்கள் தங்கை என்று எழுதியிருக்கிறதே என்றார்.

என் தங்கைக்கு மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை என்றேன்.

அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, அப்படியா, ரொம்ப நல்ல செய்தி, இனிக் கவலையில்லை என்றார்.

ஆமாம் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.